கிறவல் வளைவில் காக்கா

எங்கள் வீடுகளில் அண்ணனைக் காக்கா என்போம். என் மூத்த காக்கா கார் ஓட்டப் போட்டியில் இந்த நாட்டின் சாம்பியனாக இருந்தவர். கல்முனையில் இதைச் சொன்னால் இப்போதும் சிலர் நம்பாமல் பார்ப்பார்கள். கிரிக்கெட்டுக்கும் கால்பந்துக்கும் ஆள் தருகிற ஊர் இது. கார் ஓட்டத்துக்கு இங்கிருந்து போனவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

போன வருடம் ஊர் விளையாட்டுக் கழகம் அவருக்கு ஒரு பாராட்டு விழா எடுத்தது. நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவள். அதனால் விழா மலருக்கு அவரைப் பற்றி எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. எழுதிக் கொடுத்தேன். எந்தெந்தப் பிரிவில் வென்றார், எங்கே வென்றார், கிண்ணத்தை யார் கையால் வாங்கினார் என்று எல்லாம் அதில் இருந்தது. அச்சாகி வந்ததும் வாசித்துப் பார்த்தேன். வேறு யாரோ ஒருவரைப் பற்றி வாசிப்பது போலிருந்தது.

ஆகவே இதை எழுதுகிறேன். அவர் எவ்வளவு பெரிய ஓட்டக்காரர், எதில் பெரியவர், எதில் அவ்வளவு பெரியவர் இல்லை என்று எனக்குத் தெரிந்த வரையில் சொல்லப் பார்க்கிறேன். தங்கச்சி எழுதினால் நியாயம் இருக்குமா என்று யாரும் கேட்கலாம். அவர் ஓட்டிய வாகனங்களில் அவருக்குப் பக்கத்துச் சீற்றில் அதிகம் இருந்தவள் நான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

வாப்பாவுக்கு நாவிதன்வெளிப் பக்கம் வயல் இருந்தது. நற்பிட்டிமுனை ரோட்டில் ஒரு அரிசி ஆலையும் இருந்தது. காக்கா படிப்பை விட்டதும் நேரே உழவு மெசினில் ஏறிவிட்டார். மாரிக்கு முதல் வயலில் தண்ணீர் கட்டி உழுகிற காலத்தில் சேறு தொடை வரைக்கும் இருக்கும். இரும்புச் சில்லுப் போட்ட மெசினே சில இடங்களில் புதைந்து நின்றுவிடும். மற்ற ஆட்கள் மெசின் வழுக்கினால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்து, இன்னும் மிதிப்பார்கள். மெசின் இன்னும் ஆழமாகப் போகும். பிறகு இன்னொரு மெசின் வந்து இழுக்க வேண்டும்.

காக்காவின் மெசின் புதைந்து நான் பார்க்கவில்லை. அவரும் வழுக்குவார். ஆனால் வழுக்கும்போது அவருடைய கை இறுகாது. ஒரு நாள் வயலுக்குச் சோறு கொண்டு போன என்னை மட்காட்டில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். மெசின் பக்கவாட்டில் போகத் தொடங்கியதும் நான் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதைக் கொஞ்ச தூரம் போகவிட்டார். பிறகு மெல்ல மிதித்து நேராக்கினார்.

"அது எங்க போகப் பாக்குதெண்டு முதல்ல விட்டுப் பாக்கணும் புள்ள. பிறகுதான் நாம சொல்லலாம்" என்றார்.

அப்போது அது எனக்கு மெசினைப் பற்றிய பேச்சாகத்தான் பட்டது.

பிறகு வாப்பா லொறி வாங்கினார். ஆலை அரிசியைக் கொழும்புக்கு ஏற்றிப்போவது காக்காவின் வேலையானது. ஒரு பயணத்தில் குருநாகலுக்குக் கிட்ட லொறியின் அச்சு உடைந்துபோனது. சாமான் கொழும்பிலிருந்து வர வேண்டும். காத்திருந்த ஞாயிற்றுக்கிழமை, கராஜ்காரர் சும்மா இருக்கிற மனிதரென்று காக்காவையும் கூட்டிக்கொண்டு பக்கத்தில் நடந்த கார் ஓட்டத்துக்குப் போயிருக்கிறார். ஒரு பெரிய வெளியில் கிறவல் என்கிற சரளை மண் கொட்டி வளைத்து வளைத்துப் போட்ட பாதை. புழுதியில் முன்னால் போகிற காரே தெரியாதாம்.

வீட்டுக்கு வந்தவர் ஒரு கிழமையாக அதைத்தான் கதைத்தார். சாப்பிட இருந்தால் பீங்கானில் சோற்றை விரலால் ஒதுக்கி ஒரு வளைவு போடுவார். இந்த இடத்தில் அத்தனை பேரும் பிழை விடுறாங்க என்று உம்மாவுக்குக் காட்டுவார். உம்மா கறியை ஊற்றி வளைவை அழித்துவிடுவார்.

சம்மாந்துறையில் ஒருவரின் வளவுக்குள் கிடந்த பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கி வந்து ஆலைக் கொட்டிலுக்குள் விட்டார். அதை ஓட வைக்க ஒரு கோடை முழுக்கப் போனது. காக்காவின் மனைவியான மச்சி மருதமுனைக்காரி, அவர் வீட்டில் தறி ஓடியது. கனத்த பருத்தித் துணி கொண்டுவந்து காக்காவுக்கு மேல்கீழ் சேர்ந்த உடுப்பு ஒன்று தைத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு காக்கா முற்றத்துக்கு வந்தபோது வாப்பா சிரித்ததை நான் கண்டேன். ஆனால் வாப்பாவுக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. இது சூதாட்டமா என்று அவருக்குச் சந்தேகம். பள்ளிவாசலுக்குப் போய் மௌலவியிடம் கேட்டுவிட்டு வந்தார். ஓடுகிறவர்கள் பணம் கட்டிப் பந்தயம் பிடிக்காமல், நடத்துகிறவர்கள் பரிசு கொடுப்பதென்றால் பிழையில்லை, ஆனால் உயிரோடு விளையாடக் கூடாது என்று மௌலவி சொல்லியிருக்கிறார்.

வாப்பா காக்காவைக் கூப்பிட்டு, "உசிரு அமானிதம் மகன். அவன் தந்தது, அவன்ட கையில திருப்பிக் குடுக்கிற சாமான். அத நெனச்சி ஓடு" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை.

முதல் ஓட்டத்தில் காக்கா கடைசிக்கு முந்தினவராக வந்தார். கடைசியாக வந்தவரின் காரில் டயர் வெடித்திருந்தது. இரண்டாவதிலும் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த மாரியில் மழையில் நடந்த ஒரு ஓட்டத்தில் அவர் வென்றார். அதிலிருந்து மழை வந்தால் காக்கா வெல்வார் என்பது அந்த உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்த விசயமாகிவிட்டது. காலையில் எழும்பி வானத்தைப் பார்த்துவிட்டு மற்ற ஓட்டக்காரர்கள் முகத்தைத் தொங்கப்போடுவார்களாம்.

அவர் முதல் தடவை சாம்பியனான ஓட்டத்தை நான் நேரில் பார்த்தேன். எனக்குக் கல்யாணமாகிய புதிது. என் மாப்பிள்ளையும் நானும் மச்சியும் வாடகைக்கு ஒரு வான் பிடித்துப் போயிருந்தோம். அன்றைக்கும் மழை. நாங்கள் ஒரு வளைவுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றோம். முன்னுக்கு ஓடியவர் கண்டிக்காரர் ஒருவர், சிங்களவர். காக்காவின் வயதுதான் இருக்கும். நல்ல கார், நல்ல டயர், நல்ல கை. அவரை முந்தினால்தான் காக்காவுக்குச் சாம்பியன் பட்டம்.

எனக்குக் கார் ஓட்டம் விளங்காது. நான் காதால் பார்த்தேன். மற்றக் கார்கள் வளைவுக்குக் கிட்ட வரும் மட்டும் எஞ்சின் அலறும், பிறகு திடீரென்று அடங்கும், பிறேக் பிடிக்கும், கார் ஆடும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் ஏறும். காக்காவின் கார் வரும்போது சத்தம் நேரத்தோடே இறங்கியது. மற்றவர்கள் காலை எடுக்கிற இடத்துக்கு நல்ல தூரம் முந்தியே அவர் எடுத்துவிடுவார். பக்கத்தில் நின்ற ஒருவர், ஆள் பயந்துவிட்டார் என்று சிங்களத்தில் சொன்னார். மச்சிக்கு அது விளங்கியது, முகம் கறுத்துவிட்டது. ஆனால் வளைவின் நடுவிலேயே காக்காவின் எஞ்சின் திரும்பவும் ஏறும். மற்றவர்கள் இன்னும் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருப்பார்கள். அவர் உள்பக்கம் ஓடவில்லை. கிறவல் கழுவுண்டு ஒதுங்கிக் கிடந்த வெளி ஓரத்தால் ஓடினார். அங்கேதான் டயருக்குப் பிடி இருந்தது என்று பிறகு சொன்னார். ஒவ்வொரு சுற்றிலும் கண்டிக்காரருக்கும் அவருக்கும் நடுவில் இருந்த தூரம் குறைந்து வந்தது. கடைசிச் சுற்றுக்கு முந்தின சுற்றில் எங்கள் கண்ணுக்கு முன்னால், அந்த வளைவில், வெளிப்பக்கத்தால் போய் அவரை முந்தினார்.

பயந்துவிட்டார் என்று சொன்ன மனிதர் மச்சியின் பக்கம் திரும்பிக் கை தட்டினார். மச்சி யாரென்று அந்த மனிதருக்குத் தெரியாது. மச்சி குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டார். அழுதாரா சிரித்தாரா என்று இன்றைக்கும் சொல்லமாட்டார்.

அதற்குப் பிறகு சில வருடங்கள் தொடர்ச்சியாக அவருடைய பிரிவில் அவர்தான் சாம்பியன். ஒரு வருடம் மட்டும் நடுவில் கண்டிக்காரர் எடுத்தார்.

இப்போது குறைகளையும் சொல்ல வேண்டும். தார்ப் பாதையில் காக்கா அவ்வளவு பெரிய ஆள் இல்லை. காரில்தான் பிழை என்று அவர் சொல்வார். நான் அதை முழுக்க நம்பவில்லை. அவருக்கு அசைகிற மண்தான் பிடித்தது. தார் அவரோடு கதைக்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, பெரிய எஞ்சின் கார்களின் பிரிவுக்கு அவர் போகவே இல்லை. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அங்கே ஓடினார்கள். அவர்களோடு ஓடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு தடவை இந்தியாவுக்கு ஓடக் கூப்பிட்டார்கள். விதைப்புக் காலம், வயலை யார் பார்ப்பது என்று போகாமல் விட்டுவிட்டார். வாப்பாவே போ மகன் என்று சொல்லியும் கேட்கவில்லை. பத்திரிகைக்காரர் வந்தால் ஆலைக்குள் ஒளிந்துகொள்வார். இதெல்லாம் ஒரு சாம்பியனுக்கு அழகா என்று கேட்டால் இல்லைதான்.

ஆனால் அவருடைய ஓட்டத்தை நான் முழுசாக விளங்கிக்கொண்டது ஓட்டப் பாதையில் அல்ல.

என் மாப்பிள்ளைக்கு அப்போது நாவிதன்வெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. அங்கேயே வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குப் பிள்ளை பெறுகிற மாதம் மாரி மழை அடித்துக்கொண்டு பெய்தது. கல்முனைக்கு வர நாள் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே ஒரு காலையில் நோவு கண்டுவிட்டது. காக்கா வரம்பு உடைந்ததைப் பார்க்க வந்து வயல் காவல் குடிசையான வாடியில் தங்கியிருந்தார். சொல்லி அனுப்பியதும் வானைக் கொண்டு வந்தார். என்னைப் பின்சீற்றில் சாய்த்து, மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு கிட்டங்கித் தாம்போதிக்கு, தண்ணீருக்கு நடுவால் தாழ்வாகப் போட்ட பாதைக்கு, வந்தார். அதைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் கல்முனை. ஆனால் தாம்போதிக்கு மேலால் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பாதை எங்கே முடிகிறது, குளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

ஒரு உழவு மெசின் ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. அதன் பின்னால் ஒரு லொறியும் போனது. மாப்பிள்ளை, அந்த லொறிக்குப் பின்னாலேயே விடுங்க என்று அவசரப்பட்டார்.

காக்கா வானை நிறுத்தினார். இறங்கிச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து போனார். முழங்காலுக்கு மேல் வந்ததும் நின்றார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு திரும்பி வந்து சீற்றில் ஏறி, "இதால நான் போகமாட்டன் மச்சான்" என்றார்.

மாப்பிள்ளைக்கு அழுகை வந்துவிட்டது. "நீங்க சாம்பியன்தானே மச்சான். ஒங்களுக்கு இது ஏலாதா?" என்று கேட்டார்.

"சாம்பியனெண்டபடியாத்தான் சொல்றன். கீழ மண் போகுது. என்ட காலுக்குத் தெரிஞ்சிது."

வானைத் திருப்பினார். மத்திய முகாம் என்கிற ஊர்ப் பக்கமாகப் போய், சுற்றி அம்பாறை ஆஸ்பத்திரிக்குப் போவது என்று முடிவு. மழையில் அது எவ்வளவு தூரம் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். நான் பின்சீற்றில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். காக்கா முன்னால் இருந்து வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தார். இப்ப ஒரு குழி வருது புள்ள, கையப் புடி. இப்ப இடப் பக்கம் சாயும். இப்ப கொஞ்ச நேரத்துக்கு ஒண்டுமில்ல, மூச்ச விடு. அவர் சொன்னபடியே குழி வந்தது, அவர் சொன்னபடியே சாய்ந்தது. வேகமாகப் போனாரா மெதுவாகப் போனாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒரு இடத்திலும் என் உடம்பு குலுங்கவில்லை. அந்த வலிக்குள்ளும், இந்த மனிதன் ஓட்டுகிற வாகனத்தில் எனக்கு ஒன்றும் நடக்காது என்று ஒரு தைரியம் இருந்தது.

அம்பாறையில் நடுப்பகல் லுஹர் தொழுகை நேரத்துக்குக் கிட்ட என் மூத்த மகள் பிறந்தாள். அல்ஹம்துலில்லாஹ், இரண்டு பேருக்கும் சுகம்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்றைக்குத் தாம்போதியில் ஒரு ஆபத்தும் நடக்கவில்லை. பின்னேரம் வரைக்கும் மெசின்கள் போய் வந்திருக்கின்றன. நாங்களும் போயிருந்தால் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருப்போம். என் மாப்பிள்ளை வருடக்கணக்காக இதைச் சொல்லிக் காக்காவைப் பகிடி பண்ணுவார். காக்கா கோபிக்கமாட்டார்.

"ஓம் மச்சான், போயிருக்கலாம். நான் போகல்ல" என்பார்.

காக்காவுக்கு நடு வயதில் சீனி வருத்தம் வந்தது. எங்கள் ஊரில் அது வராத வீடு இல்லை. அவர் மருந்து எடுத்தார், சோற்றைக் குறைத்தார், ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஒரு வருடம், இன்னும் ஒரேயொரு ஓட்டம்தான் மிச்சம், அதை ஓடி முடித்தாலே சாம்பியன் பட்டம் திரும்பவும் அவருக்குத்தான் என்ற நிலை. வெல்லத் தேவையில்லை. ஓடி முடித்தால் போதும். அவருக்கு அடுத்ததாக நின்றவர் அதே கண்டிக்காரர். ஊரில் வரவேற்புக்குக்கூட ஏற்பாடு நடந்தது.

ஓட்டம் நடந்த அன்றைக்கே காக்கா கட்டி இழுத்த காரோடு வீட்டுக்கு வந்துவிட்டார். ஓடவில்லை. காரை ஆலைக் கொட்டிலுக்குள் விட்டுக் கழுவினார். உள்ளே, வெளியே, சில்லுக்குக் கீழே என்று மண் ஒன்றும் இல்லாமல் கழுவினார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"என்ன காக்கா?" என்றேன்.

"கண்" என்றார். அவ்வளவுதான்.

இடது கண்ணுக்குள் இரத்தம் கசிந்திருந்தது. பார்வை பெரும்பாலும் போய்விட்டது. வலது கண்ணைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொன்னார், காப்பாற்றியும் விட்டார்கள். ஆனால் ஊர் பலதையும் கதைத்தது. பயந்துவிட்டார் என்றார்கள். கண்டிக்காரரிடம் ஏதோ வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார் என்றுகூட ஒரு கதை கடைத்தெருவில் திரிந்தது. மச்சி அதைக் கேட்டுவிட்டு வந்து அழுதார். காக்கா யாருக்கும் மறுமொழி சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்த வாகனமும் ஓட்டவில்லை. ஆலைக்கு சைக்கிளில் போய் வந்தார்.

அந்த நாட்களில் அவர் அடியோடு உடைந்துபோனார் என்றுதான் சொல்ல வேண்டும். கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காருக்குள் இருப்பார். மச்சி தேத்தண்ணி கொண்டுபோய் ஜன்னலால் கொடுத்துவிட்டு வருவார். வாப்பா மௌத்தானதும் அந்தக் காலத்தில்தான். வயலும் ஆலையும் காக்காவின் தலையில் வந்தன. அவற்றால்தான் அவர் எழும்பி நடமாடினார் என்று நினைக்கிறேன்.

சில வருடங்கள் போனபின், சாய்ந்தமருதுப் பொடியன் ஒருவன் மெயின் ரோட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டப்போட்டி பிடித்து, ஒரு பின்னேரத்தில் கம்பத்தில் அடிபட்டு மௌத்தாகிவிட்டான். அவனுடைய மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் காக்காவின் பழைய படம் ஒன்று ஒட்டியிருந்ததாம். காக்கா ஓடியதைப் பார்த்துத்தான் இதுகள் கெட்டுப்போகுதுகள் என்று ஊரில் கதைத்தார்கள். அது காக்காவின் காதுக்கும் வந்தது.

ஜனாஸா அடக்கிய பிறகு அவர் அந்த வீட்டுக்குப் போனார். ஏசுவார்கள், போகாதீங்க என்று மச்சி சொல்லியும் போனார். பெண்கள் பக்கம் போவதற்காக நானும் கூடப் போனேன். பொடியனின் வாப்பா கடலுக்குப் போகிறவர். வாசலில் கதிரையில் இருந்தார். காக்காவைக் கண்டதும் எழும்பி வந்தார். அவர் காக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எங்க ஓடின?" என்று கேட்டார்.

காக்காவுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. குருநாகல் பக்கம், கொழும்புப் பக்கம் என்று மெல்லச் சொன்னார்.

"அப்பிடி ஒரு எடம் இஞ்ச இருந்தா என்ட மகன் ரோட்டுல ஓடியிருக்கமாட்டான்" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே அதை நினைத்துப் பார்த்துச் சொன்னார்.

காக்கா பிள்ளைக்காகத் துஆச் செய்துவிட்டு வெளியே வந்தார். வீட்டுக்குப் போகாமல் என்னையும் கூட்டிக்கொண்டு ஓட்டோ பிடித்து நாவிதன்வெளி வயலுக்குப் போனார். அறுவடை முடிந்து அறுத்த தாளின் அரிகட்டை நின்றது. மேட்டுப் பக்கமாகத் தண்ணீர் ஏறாத துண்டு ஒன்று உண்டு, விளைச்சல் எப்போதும் குறைவு. அதில் ஒரு பக்கத்திலிருந்து நடக்கத் தொடங்கினார். வளைந்து வளைந்து நடந்தார். நான் வாடி நிழலில் நின்று பார்த்தேன். சோற்றில் விரலால் போடுகிற வளைவுகளைத்தான் நடந்து போடுகிறார் என்று கொஞ்ச நேரத்தில் எனக்கு விளங்கியது.

அந்தத் துண்டில் பிறகு நெல் விதைக்கவில்லை. கிறவல் கொட்டிப் பாதை போட்டார். வயலில் எனக்கும் பங்கு உண்டு, என் சம்மதத்தைக் கேட்டார், நான் தந்தேன். சனிக்கிழமைகளில் பின்னேரம் வரை ஓடலாம். தலைக்கவசம் இல்லாமல் உள்ளே விடமாட்டார். ஒவ்வொரு வாகனத்தின் பிறேக்கையும் அவரே குனிந்து பார்ப்பார். ஊர் ரோட்டில் வேகமாக ஓடியதாக யாராவது முறைப்பாடு சொன்னால் அந்தப் போகம் முழுக்க அவனுக்கு இடமில்லை. மகனை இழந்த சாய்ந்தமருது மனிதர் கடல் ஓய்வான நாட்களில் வந்து வாசல் படலையடியில் கதிரை போட்டு இருப்பார். அவருடைய கண்ணைத் தப்பித் தலைக்கவசமில்லாமல் ஒருவரும் உள்ளே போனதில்லை. ஆலையடிவேம்பிலிருந்து ஒரு பிள்ளை, தன் அண்ணனின் காரைக் கொண்டுவந்து நானும் ஓடலாமா என்று கேட்டாள். பிறேக்கைப் பார்த்துவிட்டு ஓடு மகள் என்றார். இப்போது அங்கே வருகிறவர்களில் வேகமானவர்களில் அவளும் ஒருத்தி.

இதனால் ஊர் ரோட்டில் விபத்தே இல்லாமல் போய்விட்டது என்று நான் எழுதினால் பொய். இன்னும் நடக்கிறது. ஆனால் ரோட்டில் பறந்து திரிந்த சிலரை நான் வகுப்பிலிருந்தே அறிவேன். அவர்கள் இப்போது ரோட்டில் அமைதியாகப் போகிறார்கள். சனிக்கிழமை வரட்டும் என்று பொறுத்திருக்கிறார்கள். காக்காவின் கிண்ணங்களைவிட இது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பாராட்டு விழாவுக்கு வருவோம். கழகத்தார் யாருக்கும் சொல்லாமல் கண்டிக்காரரையும் அழைத்திருந்தார்கள். தலை நரைத்து, கொஞ்சம் குனிந்து வந்தார். காக்காவைக் கண்டதும் கட்டிப் பிடித்து மச்சான் என்றார். சிங்களத்திலும் அது மச்சான்தான்.

மேடையில் அவர் சிங்களத்தில் பேசினார், கழகத்துச் செயலாளர் தமிழில் சொன்னார். தாரில் நான் இவரைவிட வேகம் என்று தொடங்கினார். சனம் முணுமுணுத்தது. முன்வரிசையில் இருந்த காக்கா ஓம் ஓம் என்று தலையாட்டினார். மழையில், கிறவலில் இவரைப் போல ஒருவரை நான் என் வாழ்க்கையில் பார்க்கவில்லை என்று அடுத்ததாகச் சொன்னார். அதற்குக் காக்கா தலையாட்டவில்லை, நிலத்தைப் பார்த்தார்.

பிறகு அந்தக் கடைசி ஓட்டத்தைப் பற்றிச் சொன்னார். எங்களுக்கு அதுவரை தெரியாத கதை அது. அன்று காலை காக்கா போட்டி நடத்துகிறவர்களிடம் போய், எனக்கு இடது கண் தெரியவில்லை, என்னை ஓட விடாதீர்கள் என்று தானே சொல்லியிருக்கிறார். அதைக் கேள்விப்பட்டுக் கண்டிக்காரர் ஓடி வந்திருக்கிறார். நீ பின்னால் மெதுவாக ஓடி முடி, பட்டம் உனக்குத்தான், உன் கிட்ட வரவேண்டாமென்று நான் எல்லோரிடமும் சொல்லுகிறேன் என்று காக்காவிடம் கெஞ்சியிருக்கிறார். காக்கா அப்போது சொன்ன மறுமொழியை அவர் செயலாளரிடம் விடாமல் தமிழிலேயே சொன்னார். பாடமாக்கி வைத்திருந்தார் போல.

"பக்கத்தில ஓடுறவன், நான் அவனக் காணுறன் எண்டு நம்பி ஓடுறான். நான் காணல்ல. அது பொய்."

கடைத்தெருவில் அந்தக் கதையைக் கதைத்த சிலரும் மண்டபத்தில் இருந்தார்கள். மச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த வருடத்துக் கிண்ணம் என் வீட்டில் இருக்கிறது, யாராவது அதைக் காட்டிக் கேட்டால் நான் இவருடைய கதையைத்தான் சொல்லுகிறேன் என்று கண்டிக்காரர் முடித்தார். காக்காவுக்குப் பேசச் சந்தர்ப்பம் கொடுத்தார்கள். எழும்பி ஸலாம் சொன்னார். எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் போங்க என்று சொல்லிவிட்டுத் தன் கதிரையில் இருந்துவிட்டார்.

அடுத்த நாள் சனிக்கிழமை, கண்டிக்காரரை வயலுக்குக் கூட்டிப்போனோம். பாதையைக் கண்டதும் அந்த மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆலையடிவேம்புப் பிள்ளையிடம் காரைக் கேட்டு வாங்கினார். முதல் சுற்றிலேயே மூன்றாவது வளைவில் வழுக்கி வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டார். உழவு மெசின் கொண்டுவந்து இழுத்தார்கள். சேற்றோடு இறங்கி வந்தவர், நீ ஓட்டிக் காட்டு மச்சான் என்று காரின் திறப்பைக் காக்காவிடம் நீட்டினார். எங்கள் எல்லோருக்கும் ஆசைதான். பாதையில் வேறு யாரும் ஓடவில்லை. ஒரு சுற்றுத்தானே.

காக்கா திறப்பை வாங்கவில்லை. இடது பக்கத்துக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டார். கண்டிக்காரர் ஓட்ட, இவர் பக்கத்திலிருந்து கையைக் காட்டிக்காட்டிச் சொல்லிக்கொண்டு போனது எங்களுக்குத் தெரிந்தது. மூன்றாவது வளைவுக்கு நல்ல தூரம் முந்தியே எஞ்சின் சத்தம் இறங்கியது. கார் வெளி ஓரத்தால், கோடு கீறினது போலப் போனது. படலையடியில் இருந்த சாய்ந்தமருது மனிதர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவர்கள் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று, இன்னுமொன்று என்று ஓடினார்கள்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னபோதுதான் கார் நின்றது. காக்கா இறங்கி வாடிப் பக்கம் தொழப் போனார். கண்டிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே இருந்தார். இறங்கினால் பொடியன்கள் யாராவது ஏறிவிடுவார்கள் என்று நினைத்தாரோ தெரியாது.